வந்து இறங்குதலும் பிழைத்திருத்தலும்: கேளம்பாக்கம் உப்பங்கழிப் பறவைகள்

(கேளம்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அச்சுக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



காட்டுப் பறவைகளின் வாழ்வியல் பற்றிய கள ஆய்வு என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. அதைக் கேளம்பாக்கத்தின் எல்லைக்குள் வைத்தே பேச விரும்புகிறேன். இங்கிருந்து கோவளத்துக்குப் போகும் இணைப்புச் சாலை உப்பங்கழியைக் கடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே வண்டிகள் ஓரம் கட்டி நிற்கும். பூநாரைகளைக் குழந்தைகளுக்குக் காட்டுவார்கள், படம் எடுப்பார்கள். மறுநாள் நாளிதழில் "பறவைகள் வருகை" என்று செய்தி வரும். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பறவை வந்து இறங்கியது என்பது ஒரு செய்தி. அது பிழைத்தது, குஞ்சு பொரித்தது, அந்தக் குஞ்சும் பறந்தது என்பது வேறு செய்தி. முதற்செய்தியைச் சேகரிக்க நமக்கு நல்ல வழிகள் அமைந்துவிட்டன. இரண்டாவதைக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு நீர்நிலை பறவைகளைக் காக்கிறதா, மெல்லக் கொல்கிறதா என்பதை அந்த இரண்டாவது செய்திதான் சொல்லும்.

1. எண்ணிக்கை எங்கே நின்றுவிடுகிறது

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. தமிழகத்தில் பொங்கல் நாட்களை ஒட்டிப் பறவை கணக்கெடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. ஏறத்தாழ முப்பதாயிரம் பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் திரட்டி, 942 இனங்களின் நிலையை மதிப்பிட்ட 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 2023இல் வெளியானது. சம்பளம் வாங்காத மக்கள் செய்த வேலை அது. இதற்கு ஈடான மக்கள் அறிவியல் நம் நாட்டில் மிகக் குறைவு.

அப்படியிருந்தும், ஓரிடத்து எண்ணிக்கையை மட்டும் பார்த்து அந்த இடம் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு காரணங்கள்.

பக்கத்து நீர்நிலை சுருங்கினால் அங்கே இருந்த பறவைகள் இங்கே வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு தன் பழைய பரப்பின் பெரும்பகுதியை இழந்துவிட்டது. குப்பைமேடும் கட்டடங்களும் சாலைகளும் அதை விழுங்கிய பின்பே, 2022இல், அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே இடமில்லாத பறவை தெற்கே பறந்து வந்தால் கேளம்பாக்கத்தின் கணக்கு ஏறும். அதை இந்த ஊரின் செழிப்பு என்று நாம் படித்துக்கொண்டால், ஓர் அகதி முகாமின் நெரிசலைத் திருவிழாக் கூட்டம் என்று எண்ணியவர்கள் ஆவோம்.

இன்னொன்று, கரையோரப் பறவைகள் நெடுநாள் வாழ்பவை. சிறிய உள்ளான்களிலேயே பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவை காலில் இட்ட வளையத்தின் மூலம் தெரியவந்துள்ளன. ஒரு வரப்பில் ஐந்து ஆண்டுகளாக ஒரு குஞ்சுகூடப் பிழைக்காமல் போயிருக்கலாம். தாய் தந்தைப் பறவைகள் ஆண்டுதோறும் வந்து நிற்கும். கணக்கெடுப்பில் எந்தக் குறையும் தெரியாது. முதிர்ந்தவை இறக்கத் தொடங்கும்போது எண்ணிக்கை திடீரெனச் சரியும். அப்போது காரணம் தேடினால் காரணம் பத்தாண்டுக்கு முன்னால் இருக்கும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே வைத்தம் காட்டில் பறவையியலாளர் டேவிட் லாக் 1947இல் ஒரு சிறு பறவையின் கூடுகளைப் பின்தொடரத் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பின்னும் அந்த ஆய்வு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, அவற்றில் எத்தனை அடுத்த ஆண்டு உயிரோடு இருந்தன. கேள்வி இவ்வளவுதான். கேள்வியை மாற்றாமல் இடத்தையும் மாற்றாமல் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் பறவையின் பிழைப்பைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும் பகுதி அந்த ஒரு காட்டிலிருந்து வந்தது.

நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. சாலிம் அலி 1930இல் மும்பைக்கு அருகே கிஹிம் கடற்கரையில் தூக்கணாங்குருவிகளைக் கூர்ந்து கவனித்தார். ஏணியின் மேல் துணி மறைப்புக் கட்டி உட்கார்ந்து பார்த்தார். ஆண் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடு கட்டுகிறது, பெண் வந்து கூட்டைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறது, ஆண் அடுத்த கூட்டுக்குப் போகிறது என்ற ஒழுங்கை அந்தப் பொறுமைதான் வெளிக்கொண்டுவந்தது. எல்லோர் வீட்டுப் பக்கமும் இருந்த பறவைதான் அது; உட்கார்ந்து பார்க்கத்தான் பொறுமை வேண்டியிருந்தது.

2. ஆழம்

கேளம்பாக்கத்துப் பறவைகளின் வாழ்வைத் தீர்மானிப்பது எது என்று என்னைக் கேட்டால், நீரின் ஆழம் என்பேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொசு உள்ளானின் எடை இருபதிலிருந்து முப்பது கிராம் வரை. காலின் இறகில்லாத பகுதி சுமார் இரண்டு சென்டிமீட்டர், அலகும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே இரண்டு விரற்கடை நீரும் அதன் அடியிலுள்ள ஈரச் சேறும்தான் அதற்குச் சோறு போடும் நிலம். பவளக்கால் உள்ளான் ஒரு சாண் ஆழம் வரை நடந்து மேயும். கருவால் மூக்கன் நீண்ட அலகைச் சேற்றில் முழுக்கச் செருகி எடுக்கும். ஊசிவால் வாத்து மிதந்தபடியே தலையைக் கவிழ்த்துக் கழுத்தெட்டும் ஆழம் வரை தேடும். பூநாரைக்குத் தொடையளவு நீரும் பொருட்டில்லை. நீர் ஒரு சாண் ஏறினால் பூநாரைக்கு ஒன்றும் நேராது, கொசு உள்ளானுக்கோ முழு மேய்ச்சல் நிலமும் மூழ்கிப்போகும். சாலையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு நாளும் ஒரே நீர்ப்பரப்புதான்.

காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றம் பத்து மீட்டர் அளவுக்குப் போகும். அங்கே நாள்தோறும் இருமுறை சேற்று வெளி திறக்கிறது, பறவை கடலின் கணக்கில் உண்கிறது. நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான். முட்டுக்காட்டில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் மாதங்களில் அதுவும் உள்ளே எட்டாது. இங்கே மேய்ச்சல் நிலம் திறப்பது பருவத்தின் கணக்கில். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உப்பங்கழியை நிரப்புகிறது. பள்ளிக்கரணை நீரும் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி இந்தப் பக்கம்தான் வருகிறது. வெள்ளம் மணல் திட்டை உடைத்துக் கடலுக்குப் போகும். பிறகு தையிலிருந்து நீர் வடியத் தொடங்கும். வடியும் விளிம்பில்தான் புழுவும் பூச்சிகளின் இளம்பருவங்களும் எட்டும் ஆழத்துக்கு வருகின்றன. அந்த விளிம்பு ஒவ்வொரு நாளும் சில அடி நகரும், உள்ளான் கூட்டம் அதோடு நகரும். பங்குனியில் வடதிசைக்குப் புறப்படும்வரை அவற்றின் வாழ்வு அந்த நகரும் கோட்டில்தான் நடக்கிறது.

உப்பளம் இந்தக் கோட்டை நீட்டித்துக் கொடுக்கிறது. உப்பளத்தில் நீர் பாத்தி பாத்தியாகக் கடந்து போகும்போது உப்பு ஏறுகிறது. கடல்நீர் மூன்றரை டிகிரி உப்படர்த்தியில் உள்ளே வந்து, இருபத்தைந்து டிகிரியை எட்டும்போது உப்பாக உறைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பாத்திகளில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒவ்வோர் உயிர்க்கூட்டம் வாழும். உப்பு மிதமாக இருக்கும் இடத்தில் சிறு மீனும் இறாலும் புழுவும். இன்னும் ஏறினால் மீனால் வாழ முடியாது. அங்கே மீனுக்குப் பயந்து ஒதுங்கிய நுண்ணிறாலும் உவர்நீர் ஈக்களின் புழுக்களும் பெருகும். உப்பு உறையும் பாத்தியில் பறவைக்கு உணவு அநேகமாக இல்லை, நிற்க மட்டும் இடம் உண்டு. அளவெடுத்துக் கட்டிய பல ஆழங்களும் பல உப்பு நிலைகளும் பக்கம் பக்கமாக இருப்பதால்தான் ஒரு பாத்தியில் கிடைக்காதது அடுத்த பாத்தியில் கிடைக்கிறது. எந்தப் பாத்தியில் இன்று எவ்வளவு நீர், எத்தனை டிகிரி என்பது உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும். ஆய்வாளர் கருவி கொண்டு அளப்பதை அவர் காலால் மிதித்தே சொல்லிவிடுவார். கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்களுக்கும் அடிச்சேற்றின் குணம் அத்துபடி. அவர்கள் அறிவு பதிவேட்டில் ஏறாதவரை நம் ஆய்வு பாதி ஆய்வுதான்.

3. எடை

வலசைக்குப் புறப்படும் உள்ளான் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். புறப்படும் நாளில் சிறு கரையோரப் பறவைகளின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொழுப்பாக இருக்கும். அதுவே வழிக்கான எரிபொருள். அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை, தரையிறங்காமல், 11 நாளில் கடந்த ஓர் இளம் மூக்கனின் பயணம் 2022இல் செயற்கைக்கோள் கருவியால் பதிவானது. அத்தகைய பயணத்தின் வெற்றி பறக்கத் தொடங்கும் முன்பே, மேய்ச்சல் நிலத்தில் முடிவாகிவிடுகிறது. நம் கழியில் பங்குனி மாதத்துப் பறவை எத்தனை கிராம் இருந்தது என்ற கேள்விக்கு, தை மாதத்தில் எத்தனை பறவை இருந்தது என்ற விடை உதவாது.

எடை அறியப் பறவையைக் கையில் எடுக்க வேண்டும். டென்மார்க்கில் மோர்டென்சன் 1899இல் எண் பொறித்த வளையத்தைப் பறவைக் காலில் இட்டது முதல் இந்த முறை வளர்ந்தது. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் பெரிய அளவில் வலசை ஆய்வைத் தொடங்கியது. நம் கோடியக்கரை அதன் முக்கியக் களங்களில் ஒன்றானது. அங்கும் உப்பளங்கள் சூழ்ந்த சதுப்புதான். எஸ். பாலச்சந்திரன் போன்றவர்கள் அங்கே பல்லாண்டு உழைத்தார்கள். பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பீகாரின் மீர்ஷிகார் மரபினர் அவர்களோடு வேலை செய்தார்கள். அம்மரபைச் சேர்ந்த அலி ஹுசேன் என்ற பெயரைப் பறவையியல் மாணவர்கள் மறக்கக் கூடாது. இறகு உதிராமல், கால் மடங்காமல் ஓர் உள்ளானை வலையிலிருந்து எடுக்கும் கை அவருடையது. வேட்டைக்குப் பிறந்த கலை ஆய்வுக்குத் துணையானது நம் நாட்டின் பறவையியலில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம்.

வளையமிடுதல் உரிமமும் பயிற்சியும் உள்ளவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. மாணவர்கள் தாமாக முயலக் கூடாது. ஆனால் வளையமிட்ட, வண்ணக் கொடியிட்ட பறவையைத் தொலைநோக்கியில் பார்த்து, எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறிப்பது எவராலும் இயலும். ஒரே பறவையை அடுத்த ஆண்டு அதே வரப்பில் பார்த்தோம் என்றால், ஓர் உயிர் ஓராண்டு பிழைத்தது என்பதற்கு அது நேர்ச்சான்று.

4. வரப்பில் ஒரு கூடு

வந்து போகும் பறவைகளைப் பற்றியே பேசுகிறோம். கோடையில் இங்கேயே கூடு வைப்பவை பேச்சில் வருவதில்லை. பவளக்கால் உள்ளான், ஆள்காட்டி, உப்புக்கொத்தி, சின்ன ஆலா ஆகியவை திறந்த தரையில் முட்டையிடுபவை. உப்பள வரப்பு அவற்றுக்கு ஏற்ற இடம்.

இதைப் பற்றிய பழைய பதிவு ஒன்று உப்போடு தொடர்புடைய ஒருவரிடமிருந்தே வந்தது. காங்கிரஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ. ஓ. ஹியூம் 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்தார். உப்பு வரி வசூல் அவர் பொறுப்பு. தில்லிக்கு அருகே சுல்தான்பூர் உப்பளங்களில் பவளக்கால் உள்ளான்கள் பாத்தியிலேயே கூடமைத்ததை அவர் எழுதி வைத்தார். நூற்றைம்பது ஆண்டு கழித்து நம் ஊர் வரப்பில் அந்தப் பறவை அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சித்திரை வெயிலில் வரப்பு கொதிக்கும். கரு தாங்கும் சூட்டுக்கு எல்லை உண்டு. நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டி முட்டை சூடேறினால் கரு சாகும். ஆகவே தாயும் தந்தையும் அடைகாப்பதைவிட நிழல் கொடுப்பதில்தான் பகலைக் கழிக்கின்றன. இடையிடையே நீரில் இறங்கி வயிற்றிறகுகளை நனைத்துவந்து முட்டைமேல் உட்காருகின்றன. அந்த ஈரம் முட்டையைக் குளிர்விக்கிறது. அதற்குப் பக்கத்தில் நீர் வேண்டும், போய்வர நேரம் வேண்டும். நாய் வந்தால், ஆள் நின்றால், படம் எடுப்பவர் முட்டிபோட்டு உட்கார்ந்தால் பறவை எழுந்து சுற்றும். சித்திரை நண்பகலில் கால் மணி நேரம் மூடப்படாத முட்டை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்கள் போன பின்பு தாய் திரும்பி வந்து உட்காரும். படத்தில் கூடு அழகாக இருக்கும். உள்ளே உயிர் இருந்ததா என்பது முட்டை பொரிக்காதபோதுதான் தெரியும்.

இங்கே கூடு வைக்கும் உப்புக்கொத்தியைப் பற்றி இன்னொரு செய்தி. கெண்டிஷ் ப்ளோவர் என்ற பரவலான இனத்தின் ஒரு பிரிவு என்றே நெடுங்காலம் இதைக் கருதினோம். 1915இல் சீபோமி என்று துணையினப் பெயர் பெற்றிருந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு வைக்கும் பறவைகள் மரபணுவிலும் இறகிலும் அளவிலும் தனித்தவை என்று இலங்கை, சீன, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கூட்டாக 2023இல் காட்டினார்கள். இன்று அது ஹனுமான் ப்ளோவர் என்ற தனி இனம். உலகில் அதன் பரப்பு இந்தச் சிறு மூலையே. ஆகவே நம் வரப்பில் மிதிபடும் அதன் முட்டைக்கு ஈடுசெய்ய ஐரோப்பாவிலோ சீனத்திலோ வேறு கூடுகள் இல்லை.

உப்பளத்தில் ஒரு மூதாட்டி சொன்னது நினைவில் நிற்கிறது. வரப்புப் பூச்சு வேலையில் ஓரிடத்தை விட்டுவிட்டு அப்பால் போனார். ஏன் என்றேன். "அங்க குருவி வச்சிருக்கு சார். அது போனப்புறம் பூசிக்கலாம்" என்றார். உப்பு வாரும் பருவமும் கூடு வைக்கும் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. அப்படியிருந்தும் பறவை அங்கே நீடித்திருக்கிறது என்றால், இத்தகையவர்களின் கைகள் காரணம். இதே மாவட்டத்தில் வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைக் காத்துவந்த வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை பின்னோக்கிப் போகிறது. அந்தப் புகழுக்கு அவர்கள் முழு உரிமை உடையவர்கள். உப்பளத் தொழிலாளியின் விட்டுக்கொடுத்தல் அதே தரத்தது, யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

உப்பளம் கைவிடப்பட்டால் நிலைமை மாறும். வரப்பு கரையும், வேலிக்கருவை ஏறும், புதரில் நாயும் கீரியும் ஒதுங்கும். பழைய மாமல்லபுரம் சாலையின் குடியிருப்புகளோடு குப்பை வரும், குப்பையோடு காகம் வரும். அப்போதும் ஜனவரிக் கணக்கில் பறவை இருக்கும்.

5. வடதுருவத்திலிருந்து வரும் கணக்கு

நுனி வளைந்த அலகுள்ள கர்லூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளான் சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பப் பகுதியில் குஞ்சு பொரிக்கிறது. அங்கே லெம்மிங் என்ற எலியினம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பிறகு அருகிப்போகும். எலி பெருகிய ஆண்டில் துருவ நரி எலியைத் தின்று பறவைக் கூட்டை விட்டுவைக்கும். எலி அருகிய ஆண்டில் கூடுகள் சூறையாகும். ஆகவே அந்தக் குளிர்காலத்தில் தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவைகள் மிகக் குறைந்திருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தென்னாப்பிரிக்கக் கரைகளிலும் ஆஸ்திரேலியக் கரைகளிலும் அளந்து உறுதி செய்திருக்கிறார்கள்.

புரட்டாசியில் வந்திறங்கும் கூட்டத்தில் இளம் பறவையின் முதுகிறகு விளிம்பு வெளிறிச் செதில்போலத் தெரியும். நூறு பறவையில் எத்தனை இளசு என்று பழகிய கண் சொல்லிவிடும். முதலாண்டுப் பறவைகளில் பல வடக்கே திரும்பாமல் கோடையையும் இங்கேயே கழிக்கும். ஆனி மாதத்தில் கழியில் நிற்கும் அந்தச் சிறு கூட்டத்தைக் கணக்கெடுக்க யாரும் வருவதில்லை. நம் கணக்கெடுப்பின் மிக வெறுமையான நாட்கள் அவைதான்.

2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பதினாறு வலசைக் கரையோரப் பறவை இனங்களை முன்பைவிட ஆபத்தான நிலைக்கு மாற்றியது. கர்லூ சாண்ட்பைப்பரும் அதில் ஒன்று. சரிவு எங்கே நடக்கிறது? துருவத்திலா, வழியிலா, குளிர்கால நிலத்திலா? நம் பங்குக்கான விடையை நாம்தான் தர வேண்டும்.

6. இங்கே செய்யக்கூடியது

2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் கோவளம் அருகே புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. நகரத்தின் தாகத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் நீர்த்தேக்கம் என்றால் நன்னீரும் ஆழமும். இதுவரை நான் பேசியதெல்லாம் உவர்நீரும் ஆழமின்மையும். எந்த மாதத்தில் எத்தனை ஏக்கரில் இரண்டு விரற்கடை நீர் இன்று இருக்கிறது, திட்டத்துக்குப் பின் எத்தனை ஏக்கரில் இருக்கும் என்ற கேள்வி சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். இன்னின்ன இனங்கள் காணப்பட்டன என்ற பட்டியல் அதற்கு விடையாகாது. கரைகளைச் செங்குத்தாகக் கட்டாமல் சரிவாக இறக்குவது, வலசைப் பருவத்தில் சில பகுதிகளைப் படிப்படியாக வடியவிடுவது ஆகியவை பொறியாளர்களுக்கு இயலாதவை அல்ல. எண்களோடு கேட்டால் அவர்கள் கேட்பார்கள்.

எண்களைத் தர இந்த அரங்கில் இருப்பவர்களே போதும். கோவளம் சாலைக்கு அருகே சில பாத்திகளைத் தேர்ந்து அளவுகோல் நட வேண்டும். வாரம் ஒருமுறை ஆழமும் டிகிரியும் குறிக்க உப்பளத் தொழிலாளர்களை, உரிய ஊதியத்தோடு, ஆய்வுக் குழுவில் சேர்க்க வேண்டும். அறக்கட்டளையின் நிதியில் ஒரு பகுதி இதற்குப் போகலாம் என்று நிறுவனர் குடும்பத்தாரை வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன். கூடுகளை அணுகாமல் தொலைவிலிருந்து குறிக்கவும், இடத்தைச் சமூக ஊடகத்தில் இடாமல் இருக்கவும் மாணவர்களுக்குப் பயிற்சி தர நான் வருகிறேன். ஆனி மாதக் கணக்கெடுப்பை விலங்கியல் துறை தன் பாடத்திட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம். உப்புக்கொத்திகள் வரப்பில் இறங்கும் முன், வரும் பங்குனிக்குள், அளவுகோல்களை நட்டுவிட்டால் இவ்வாண்டுக் கூடுகளே முதல் பதிவாகிவிடும்.